பிடிபடும் உரிமை

ராசிபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடிய திருடன் போலீஸை யாராவது வெறும் விளையாட்டு என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மற்ற தெருக்களில் ஆடியதுதான் வெறும் விளையாட்டு. பொழுதோடு ஆரம்பிப்பார்கள், விளக்கு வைத்ததும் அம்மாக்கள் கூப்பிடுவார்கள், கலைந்து போய்விடுவார்கள். மறுநாள் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எங்களுடையது அப்படிக் கலையாது. முழுப்பரீட்சை முடிந்த அன்று சாட் பூட் த்ரீ போட்டுப் பிரிந்தால், பள்ளிக்கூடம் திறக்கும்வரை திருடன் திருடன்தான், போலீஸ் போலீஸ்தான். தூங்கும்போதும் அப்படித்தான். நேற்று ஜெயிலில் இருந்தவன் இன்று காலை பல் விளக்கியதும் நேராக ஜெயிலுக்கு வந்து உட்கார வேண்டும். யாரும் காவலுக்கு நிற்காமலே வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் இதில் ஆச்சரியம்.

ஜெயில் என்பது பிள்ளையார் கோயில் படிக்கட்டு. வெளியே இருக்கும் திருடன் ஒருவன் ஓடிவந்து கையைத் தொட்டுவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு விடுதலை. எல்லை, எங்கள் நெசவாளர் தெருக்கள் மூன்றும், அவற்றின் கடைசியில் இருந்த பாவடியும். பாவடி என்றால் தறியில் ஏற்றுவதற்கு முன்பு பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற பொது மைதானம். காலையில் அது பெரியவர்களுடையது, வெயில் ஏறிப் பாவு காய்ந்து சுருட்டியதும் எங்களுடையது.

எழுபதுகளின் கடைசியில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது எங்களிடம் ஒரு சட்டமும் கிடையாது. எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம். முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கடையிலிருந்து நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு போலீஸ் பின்னால் வந்து பிடித்தான். எண்ணெய் தெருவில் போயிற்று, அவள் வீட்டில் அடி வாங்கினாள், அவள் அம்மா மூன்று தெருவுக்கும் கேட்கிறாற்போல் எங்கள் பரம்பரையைத் திட்டினாள். அன்று மாலையே முதல் சட்டம் வந்தது. கையில் பாத்திரத்தோடு வேலையாகப் போகிறவர்களைப் பிடிக்கக் கூடாது.

சட்டத்தைப் போட்டவள் என் பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், போலீஸ் கட்சிக்குத் தலைவி. எனக்கு அக்கா, ஊருக்கு இன்ஸ்பெக்டர். அவளுக்குச் சட்டம் போடுவதென்றால் கரும்பு தின்கிற மாதிரி. ஆனால் நியாயமானவள், அதை நான் மறுக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் திருடர்கள் எல்லாரும் கையில் ஆளுக்கொரு டம்ளரோடு உலாத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொம்பு, ஒருவன் கரண்டி. கோடி வீட்டுப் பையன், அவன்தான் திருடர்களுக்குத் தலைவன், வீட்டிலிருந்த பெரிய தவலையைத் தோளில் வைத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் மூக்குக்கு முன்னால் நடந்தான். உடனே இரண்டாவது சட்டம் வந்தது. பாத்திரத்துக்குள் ஏதாவது இருக்க வேண்டும். திருடர்கள் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்கள்.

அப்புறம் எருமப்பட்டியிலிருந்து ஒரு பையன் எங்கள் தெருவுக்கு ஒறம்பரையாக, விருந்தாளிப் பிள்ளையாக, வந்தான். இடம் தெரியாத பிள்ளையை வந்த நாளிலேயே பிடித்து அழவைக்கக் கூடாது, முதல் நாள் அவனுக்கு விலக்கு என்று அக்கா இரக்கப்பட்டுச் சொன்னாள். யாரும் தன்னைத் தொட முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை நேராகக் கோயில் படிக்கட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் வரிசையாகத் தொட்டு விடுதலை செய்துவிட்டு, ஐஸ் வாங்கித் தின்னப் போய்விட்டான். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னாள்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தெந்த தேசத்திலோ இருக்கிறவர்களோடு ஒரே ஊரில் சேர்ந்து ஆடுகிறார்கள். புதிதாக வந்தவனை வெட்டலாமா கூடாதா, சந்தைக்குள் சண்டை போடலாமா கூடாதா என்று அவர்கள் கத்திச் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்கிறேன். இதெல்லாம் எங்கள் பாவடியில் தீர்ந்துபோன வழக்கு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தீர்ந்துபோனது என்பதும் முழு உண்மை இல்லை.

எங்கள் வழக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாவடி வேப்பமரத்தடியில் நடக்கும். கோடி வீட்டுப் பையன் எழுந்து நின்று வாதாடுவான்.

"எல்லாத்துக்கும் சட்டம் போட்டா அப்பறம் எதுக்கு ஆடறது? அவங்கவங்க ஊட்டுலயே உக்காந்துக்கலாமல்ல?"

"சட்டம் இல்லாட்டிச் சின்னதுக எல்லாம் அழுதுட்டு ஓடிரும்," என்பாள் அக்கா. "அப்பறம் ஆடறதுக்கு ஆளு எங்க? நீயே ஓடி நீயே புடிச்சுக்குவியா?"

நான் எப்போதும் கோடி வீட்டுப் பையன் கட்சி. சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். திருடர்களில் வேகமாக ஓடுகிறவள் நான்தான், எனக்கு எதற்குப் பாதுகாப்பு? கீழே விழுந்து முட்டி பேர்ந்தால் எச்சிலைத் தடவிக்கொண்டு ஓடுவேன். எனக்கு வாய்த்த அந்தத் திமிர் ஒரு வருஷம்தான் நிலைத்தது.

அடுத்த மாசியில் எனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தபோது தலைமுடி பாதி கொட்டியிருந்தது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதாமலே என்னைப் பாஸ் போட்டார்கள். அந்தச் சலுகைக்கு மட்டும் நான் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்குகிற அன்று அம்மா தறியை விட்டு எழுந்து வேப்பமரத்தடிக்கே வந்துவிட்டாள். அவள் தறிக்குழியிலிருந்து பகலில் எழுந்து வருவதே அபூர்வம்.

"சாமிகளா, எம்புள்ள இப்பத்தான் எந்திரிச்சிருக்குது. நடந்தா மூச்சு வாங்குது. ஆட்டத்துல சேத்துக்குங்க, வேண்டாங்கல. ஆனா யாரும் தொரத்தாதீங்க, தொடாதீங்க. ஓட வெச்சுராதீங்க."

"செரிங்க சித்தி," என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தாள். "ஒப்புக்குச் சப்பாணியா வெச்சுக்கறோம்."

தமிழ்நாட்டில் பிள்ளையாகப் பிறந்தவர் எல்லாருக்கும் அந்தப் பதவி தெரியும். அழுகிற குழந்தையை, ஆடத் தெரியாத பொடிசை ஆட்டத்தில் பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. அவர்கள் ஓடலாம், கத்தலாம். ஆனால் அவுட் கிடையாது, அவர்கள் யாரையும் அவுட் ஆக்கவும் முடியாது. எங்கள் தெருவில் அந்தப் பதவியில் அதுவரை இருந்தது மூக்கொழுகிக்கொண்டு திரியும் மூன்று வயதுப் பையன் ஒருவன். அவனோடு என்னையும் சேர்த்தார்கள். மூன்று தெருவிலும் வேகமாக ஓடுகிற எனக்கு, டவுசரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அவன் ஜோடி.

ஆரம்பத்தில் சுகமாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் தொட முடியாது என்பது ராஜா வீட்டுப் பிள்ளையாக இருப்பது போல. திருடர்கள் ஒளிந்திருக்கும் இடத்துக்குப் போய் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை தின்பேன். போலீஸ் வந்தால் அவர்களோடும் கொஞ்ச தூரம் நடப்பேன். எருமப்பட்டிப் பையன் செய்ததை நானும் செய்து பார்த்தேன். கோயில் படிக்கட்டுக்குப் போய்க் கோடி வீட்டுப் பையனின் கையைத் தொட்டேன்.

அவன் நகரவில்லை.

"எந்திரிச்சு ஓடுடா!"

"நீ தொட்டாச் செல்லாது," என்றான். முகத்தில் கேலிகூட இல்லை, பரிதாபம் இருந்தது. "நீதான் சப்பாணியாச்சே."

எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் ஆட்டத்துக்குள்ளே நின்றுகொண்டிருந்தேன், ஆனால் ஆட்டத்தில் இல்லை. என்னை யாரும் தேடவில்லை. நான் ஒளிந்தால் அது ஒளிந்ததாகாது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு பெண் சும்மா குந்தியிருக்கிறாள், அவ்வளவுதான். ஒருநாள் வேண்டுமென்றே இரண்டு போலீஸ்காரர்களுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு, "நான் திருடன்! நான் திருடன்!" என்று கத்தினேன். தூணைச் சுற்றிக்கொண்டு போவது போல என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் ஓடும்போதே, "வெயில்ல நிக்காத புள்ள," என்று சொல்லிவிட்டு வேறு போனான். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மாடியேறி, யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் என் வழக்கை நானே எடுத்து வாதாடினேன்.

"என்னையப் புடிக்க மாட்டீங்கன்னா, நான் தப்பிச்சேன்னு எப்புடிச் சொல்றது? புடிபடாதவ தப்பிக்கவும் முடியாதல்ல?"

கோடி வீட்டுப் பையன் கை தட்டினான். அக்கா நீண்ட நேரம் யோசித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எதிராளி சொல்வதையும் மென்று பார்ப்பாள்.

"நீ சொல்றது செரிதான்," என்றாள். "ஆனா இது நான் போட்ட சட்டமில்ல. சித்தி போட்டது. சித்திதான் எடுக்கோணும்."

அம்மாவிடம் போனேன். தறி நின்றால்தான் பேச்சு காதில் விழும், அம்மா நிறுத்தவில்லை. ஊடை நூலோடு நாடாக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கத்தினேன். அம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"நீ கெடந்த கெடைய நீ பாக்கல, நான் பாத்தேன்," என்றாள். "புடிக்காட்டி என்ன இப்ப? உசுரோட இருக்கறயல்ல?"

திரும்பவும் மிதிக்கத் தொடங்கினாள். அவள் பயந்திருந்தாள், அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது அப்போதும் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

இதற்கிடையில் பாவடியில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. நெசவாளர் வீட்டில் பிறந்த பிள்ளை எதை மீறினாலும் பாவை மீறாது. கட்டிய பாவுக்குப் பக்கத்தில் ஓடக் கூடாது, குனிந்து நுழையக் கூடாது, ஓர் இழை அறுந்தாலும் அது சோற்றில் கை வைத்த மாதிரி. அதனால் பாவு வேலைக்கு உதவி செய்கிறவர்களைப் பிடிக்கக் கூடாது என்று அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். கோடி வீட்டுப் பையன் அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான். காலையில் எழுந்ததும் திருடர்கள் அத்தனை பேரும் பாவடிக்குப் போய்க் கஞ்சிச் சட்டி தூக்கினார்கள். அறுந்த இழையைக் கண்டால் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பாவைத் தாங்கும் மூங்கில் கால்களைப் பிடித்துக்கொண்டு பொறுப்பாக நின்றார்கள். போலீஸ்காரர்களும் சும்மா இல்லை, சட்டியைக் கீழே வைக்கும் அந்த நொடிக்காகத் தாங்களும் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். பெரியவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த வருசம் புள்ளைங்க எம்புட்டுப் பொறுப்பு, பாத்தீங்களா?" என்றார் அப்பா, பக்கத்துப் பாவுக்காரரிடம்.

"ஆமாங்க. பாடஞ் சொல்லிக் குடுத்த வாத்தியாரு நல்லவருங்க போல."

எங்கள் வீட்டுப் பாவு கட்டிய காலையிலும் அப்படித்தான். பாவடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளை நூல் விறைப்பாக நின்றது. அப்பா ஒரு பக்கமும் பெரியப்பா மறுபக்கமும் பெரிய நார் பிரஷ்ஷால் கஞ்சியை இழுத்து விட்டுக்கொண்டே நடந்தார்கள். அம்மா அறுந்த இழைகளை முடிந்துகொண்டு வந்தாள். சுற்றிலும் திருடர்களும் போலீஸ்காரர்களும் வேலை செய்தார்கள். அக்கா தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கஞ்சிச் சட்டி பிடித்தபடி கோடி வீட்டுப் பையனைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

நான் ஒரு சட்டியைத் தூக்கப் போனேன்.

"வேண்டாங்கண்ணு, கனம்," என்றார் பெரியப்பா.

மூங்கிலைப் பிடிக்கப் போனேன். "அக்கட்டால நெழல்ல உக்காரு சாமி," என்றார் அப்பா.

அக்காவிடம் போனேன். "அக்கா, நான் சட்டியைத் தொடல. எந்த வேலையும் செய்யல. கையில பாத்திரமில்ல. எல்லாச் சட்டத்துக்கும் வெளிய நிக்கறேன். இப்பப் புடி."

"போடி சப்பாணி," என்றாள் அக்கா. திட்டிச் சொல்லவில்லை. செல்லமாக, என் கன்னத்தைக் கிள்ளுகிற குரலில் சொன்னாள்.

அந்தச் செல்லம்தான். அவள் கையில் இருந்த சட்டிக்குள் கையை விட்டு, ஒரு குத்துக் கஞ்சியை அள்ளி, கனகாம்பரத்தோடு சேர்த்து அவள் தலையில் அப்பினேன். அக்கா வீல் என்று கத்தித் தலையைச் சிலுப்ப, கஞ்சி தெறித்துப் பாவின் மேல் கட்டியாக விழுந்தது. பத்துப் பன்னிரண்டு இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

பாவடியே நின்றுவிட்டது. நெசவாளர் வீட்டுப் பெண் பாவின் மேல் கஞ்சியைக் கொட்டிவிட்டாள்.

"அடி ஏ கழுதே!"

அம்மாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். அம்மா புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நடந்து அல்ல. நான் யோசிக்கவே இல்லை, என் கால்கள்தான் யோசித்தன.

ஓடினேன். வேப்பமரத்தைச் சுற்றி, பாவடியைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் ஓடினேன். பின்னால் அம்மாவின் வளையல் சத்தம், அதற்கும் பின்னால் மொத்தக் கூட்டத்தின் கூச்சல். திருடர்கள் சட்டியைப் போட்டுவிட்டார்கள், போலீஸ்காரர்கள் அவர்களைப் பிடிக்க மறந்துவிட்டார்கள். தறிகள் நின்றன, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலைகள் முளைத்தன. "ஓடு புள்ள, ஓடு!" என்று சிலர், "உடாதீங்க, புடிங்க!" என்று சிலர். முதல் தெரு முடியும்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். காற்று முகத்தில் அடித்தது, கால் பின்னவில்லை, நெஞ்சு பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டே சிரித்தேன். அதைப் பார்த்து அம்மாவுக்கு இன்னும் கோபம்.

"சிரிக்கறயா? இரு, வாரேன்!"

இரண்டாவது தெருவையும் சுற்றினோம். குழாயடியில் தண்ணீர் விட்டிருந்தார்கள், குடங்கள் தெருவை அடைத்து நின்றன. நான் எந்தப் பக்கம் தாண்டுவது என்று தயங்கிய நேரத்தில் அம்மா என் சடையைப் பிடித்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு மிஞ்சிய எலிவால் சடை. அடிக்கக் கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் உள்ளங்கை என் நெஞ்சில் இருந்தது. கஞ்சியும் வேர்வையுமாக இருந்த அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு அவள் உற்றுக் கேட்டாள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா."

"தல சுத்துதா?"

"இல்லம்மா. உனக்குத்தான் வாங்குது."

அம்மாவுக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது. குழாய்த் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் அக்கா, தலையெல்லாம் கஞ்சி வழிய, கனகாம்பரம் ஒட்டிக்கொண்டு தொங்க. அவள் என்னை அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு முன்னால் வந்து நேராக நின்றாள்.

"சித்தி, நீங்க இவளத் தொரத்துனீங்க. தொட்டுட்டீங்க."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"சட்டம் போட்டவங்களே தொட்டுட்டீங்க. இவ அவுட்டுங்களா, இல்லீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். மெலிந்த கை, பாதி முடி, வேர்த்த முகம், எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தாள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் பள்ளிக்கூடம் திறக்கும்வரை, ஒருவேளை அதற்குப் பிறகும், யாரும் தொடாத பிள்ளையாகவே இருந்திருப்பேன். அம்மாவின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா என் சடையை அக்காவின் கையில் கொடுத்தாள்.

"அவுட்டுத்தான்," என்றாள். "கொண்டுபோய் உள்ள போடு."

அன்று கோடி வீட்டுப் பையன் போட்ட விசில் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும். அக்கா என் கையைப் பின்னால் மடக்கி, முறைப்படி, மூன்று தெருவும் பார்க்க என்னை நடத்திக்கொண்டு போனாள். அவள் பிடி நன்றாக வலித்தது. கஞ்சிக்கும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. அந்த ஊர்வலத்தில் எனக்கு இருந்த பெருமை பிற்பாடு என் கல்யாண ஊர்வலத்தில்கூட இல்லை.

கோயில் படிக்கட்டு கொதித்தது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில் அம்மா வந்தாள். ஒட்டிய இழைகளைப் பிரித்து முடித்துவிட்டு, குளிக்காமல்கூட வந்திருந்தாள். எதிரே காவலுக்கு நின்ற அக்காவிடம் கேட்டாள்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரம்மா, எம்புள்ள சோத்துக்கு ஊட்டுக்கு வரலாமுங்களா?"

"கைதி எந்திரிக்கக் கூடாதுங்க சித்தி. வேணும்னா இங்க கொண்டாந்து குடுங்க."

நான் எழுந்துவிடக் கூடும் என்று பயந்தது போல அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு போய், தட்டில் சோறும் பருப்பும் போட்டு எடுத்துவந்து என் பக்கத்துப் படியில் வைத்தாள். மாசியிலிருந்து அன்றுவரை ஒவ்வொரு வேளையும் அவள்தான் பிசைந்து எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துகொண்டு அவள் கையைப் பார்த்தேன். அம்மா குனியவில்லை.

"கை இருக்குதல்ல, தின்னு," என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.